எம்.எஸ். நீலம் ஊதாவான வழக்கில் பிரிண்டரின் பங்கு: ஓர் ஆய்வு

வீட்டிலேயே ஃபோட்டோ பிரிண்ட் எடுக்கும் குடும்பங்களில் எழும் பூசல்களுள் கல்யாணப் புடவையின் நிறம் பற்றிய பூசலே தலையாயது. திரையில் எம்.எஸ். நீலமாக இருந்த பட்டு, தாளில் கத்தரிப்பூ நிறத்தில் வந்து விழுகிறது. உடனே வீடு கூடிப் பிரிண்டரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது. மட்டமான மிஷின், டூப்ளிகேட் இங்க், கடையிலேயே போட்டிருக்கலாம் என மூன்று தீர்ப்புகள் விசாரணைக்கு முன்பே வந்துவிடுகின்றன. இவ்வழக்கில் பிரிண்டர் பெரும்பாலும் நிரபராதி என்பதும், முன்னே நின்றவர்களின் பிழையெல்லாம் வரிசையில் கடைசியாக நிற்பவர் தலையில் கட்டப்படுகிறது என்பதுமே இக்கட்டுரையின் துணிபு. இதனைக் 'கடைக்கோடிக் குற்றவாளிக் கோட்பாடு' என்று அழைப்போம். பெயர் வைக்காத கோட்பாட்டை அறிவுலகம் சீந்துவதில்லை.

நிறம் மாறிவிட்டது என்று வழக்குத் தொடுப்பவர், மாறுவதற்கு முன் அது என்னவாக இருந்தது என்று முதலில் நிறுவ வேண்டும். இங்கேதான் வாதி தரப்பு தடுமாறுகிறது. எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரால் வழங்கும் அந்த நீலத்துக்குக் கடைக்குக் கடை ஒரு சாயல் உண்டு. பாவு ஒரு நிறமும் ஊடை வேறு நிறமுமாக நெய்த பட்டாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். உடுத்தியவர் திரும்பும் பக்கமெல்லாம் நிறம் மாறும். அதன்மீது மண்டபத்தின் ரோஸ் நிற எல்இடி விளக்கு விழுகிறது. அதை ஈடுகட்டுவதாக நினைத்துக்கொண்டு மொபைல் கேமரா தன்னிச்சையாக வெண்மைச் சமநிலையைத் திருத்துகிறது. மேடைப் பின்னணி முழுக்கச் சிவப்பாக இருந்தால், விளக்கொளியே சிவப்பு போலிருக்கிறது என்று முடிவுகட்டிப் படம் முழுவதையும் எதிர்ப்பக்கம் இழுத்துவிடுவதும் உண்டு. ஆக, கோப்பு பிரிண்டரை எட்டுமுன்பே இரண்டு திருத்தங்களைக் கண்டுவிட்டது. வரலாறும் நமக்கே துணை நிற்கிறது. 1861இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இயற்பியலாளர் மேக்ஸ்வெல் காட்டிய முதல் வண்ணப்படத்தில், அன்றைய படத்தகடு சிவப்பொளியை ஏறக்குறைய உணரவே இல்லை. படத்திலிருந்த ரிப்பனின் சிவப்புச் சாயம் புற ஊதாக் கதிரையும் எதிரொளித்ததால்தான் அங்கே சிவப்பு பதிந்தது. இதைக் கண்டு சொல்ல நூறு ஆண்டு ஆயிற்று. வண்ணப்படத்தின் முதல் சிவப்பே பொய்ச்சாட்சி என்றால், மண்டபத்து நீலத்தின் வாக்குமூலத்தை எவ்வளவுக்கு நம்புவது?

"கேமராவை விடுங்கள், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, அது நல்ல நீலம்" என்பது அடுத்த சாட்சி. இந்தச் சாட்சி சத்தமாகப் பேசும், ஆனால் குறுக்கு விசாரணையைத் தாங்காது. 1960இல் பார்ட்டில்சன் வெளியிட்ட ஆய்வின்படி, பழகிய பொருள்களின் நிறத்தை நினைவிலிருந்து எடுத்துக் காட்டச் சொன்னால், மனிதர் பொதுவாக உள்ளதைவிட அழுத்தமான நிறத்தையே காட்டுகிறார்கள். நினைவில் புல் கூடுதல் பச்சை, வானம் கூடுதல் நீலம். 2015இல் இணையம் முழுவதும் சுற்றிய ஓர் உடையின் படமோ இன்னும் ஒரு படி மேலே போயிற்று. நீலமும் கறுப்புமான அதனைப் பலர் வெள்ளையும் தங்கமுமாகக் கண்டு சத்தியமே செய்தார்கள். அங்கே பிரிண்டர் அறைக்குள்ளேயே இல்லை என்பதைக் கவனிக்க.

இனித் திரை. உண்மையான குற்றவாளியைத் தேடுவோர் இங்கே சற்று நேரம் நிற்க வேண்டும். திரை ஒளியை உமிழ்ந்து நிறம் காட்டுகிறது; தாள் தன்மேல் விழும் ஒளியில் ஒரு பகுதியை விழுங்கி மிச்சத்தைத் திருப்புகிறது. திரையிடம் நீலத்துக்கென்றே தனிப் புள்ளி உண்டு. வீட்டுப் பிரிண்டரிடம் பொதுவாக நீல மை கிடையாது. சயானையும் மெஜந்தாவையும் அடுத்தடுத்துத் தெளித்து நீலத்தை ஒப்பேற்ற வேண்டும். அதில் மெஜந்தா இம்மி கூடினாலும் ஊதா. பளிச்சென்ற திரை நீலங்கள் பல, மையும் தாளும் எட்டக்கூடிய எல்லைக்கே அப்பாற்பட்டவை. எம்.எஸ். நீலம் ஊதாவாவதன் முதற்காரணம் இதுவே; மிஷினின் மட்டத்தனமோ கடைக்காரரின் சதியோ அன்று. போதாக்குறைக்கு மொபைலில் நிறத்தைக் கூட்டிக் காட்டும் 'விவிட்' முறை வேறு இருக்கும். பிரைட்னஸ் உச்சத்தில் இருக்கும். இரவானால் திரையை மஞ்சளாக்கும் வசதியும் தானே விழித்துக்கொள்ளும். அந்தத் திரையை ட்யூப்லைட் வெளிச்சத்தில் தாளோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்துவிட்டு "டல்லா இருக்கு" என்பது, வெயிலில் நின்றுவிட்டு உள்ளே வந்தவர் வீடு இருட்டு என்று குறைசொல்வதற்குச் சமம்.

அற்றேல், ஸ்டூடியோவில் போட்டால் மட்டும் நிறம் சரியாக வருகிறதே எனின், காரணம் உண்டு. பல லேப்களில் மை தெளிப்பதே இல்லை. ஒளியுணர் தாளில் லேசரால் படத்தைப் பதித்து, மருந்தில் கழுவி எடுக்கிறார்கள். அதற்கு முன் அங்கே உட்கார்ந்திருப்பவர் முகத்தையும் புடவையையும் கண்ணால் பார்த்துத் திருத்துகிறார். இன்னொன்றும் உண்டு. லேப் பிரதியை யாரும் திரைக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதில்லை. கவரோடு வாங்கி ஆல்பத்தில் செருகிவிடுகிறார்கள். ஒப்பீடு இல்லாத இடத்தில் வழக்கும் இல்லை.

பிரிண்டர் ஒருபோதும் தவறாதோ எனின், அற்றன்று. வாரக்கணக்கில் சும்மா கிடந்தால் நாசிலில் மை காய்ந்து அடைக்கும். மெஜந்தா அடைத்தால் முகம் பச்சையடிக்கும். சயான் அடைத்தால் எல்லாம் செம்மஞ்சள் பக்கம் சாயும். மஞ்சள் அடைத்தால் நீலம் பாரிக்கும். இதைக் கண்டுபிடிக்க நிபுணர் வேண்டாம், நாசில் செக் தாளில் கோடுகள் அறுபட்டிருந்தாலே போதும். மற்றப் பிழைகள் நம் கைவரிசை. கிளாஸி தாளைச் செருகிவிட்டு டிரைவரில் சாதாரணத் தாள் என்றே விட்டுவிடுவது ஒன்று. படத்தைத் திருத்தும் மென்பொருளும் பிரிண்டர் டிரைவரும் தனித்தனியே நிறத்தைத் திருத்தும்படி இரண்டையும் இயக்கத்தில் விடுவது மற்றொன்று. இந்த இரட்டைத் திருத்தத்தில் முகங்கள் சிவந்து, மாப்பிள்ளை கோபமாக இருப்பது போலவே தெரிவார். ஏதாவது ஒன்றை அணைத்துவிட வேண்டும்.

ஆகவே, பிரிண்டரை ஓஎல்எக்ஸில் விற்கத் துணிந்திருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாசில் செக் ஒன்று எடுங்கள். திரையின் பிரைட்னஸைப் பாதிக்குக் குறையுங்கள். நீலப் பகுதியில் மட்டும் மெஜந்தாவைச் சற்றுக் குறைத்து, அதே கிளாஸி தாளில் சிறிய அளவில் ஒரு சோதனைப் பிரதி போட்டு, மை காய்ந்த பின் பகலில் ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள். ஏ4 தாளில் கை வைப்பது அதற்கப்புறம் இருக்கட்டும்.