பிரேக்கில் காற்று, கையில் ஸ்கானர்

கோப்பாய், இருபாலை, நீர்வேலி, உரும்பிராய்ப் பக்கத்து வாசகர்கள் இம்முறை சொல்லிவைத்தாற்போல் ஒரே விடயத்தைக் கேட்டிருக்கிறார்கள்: ஏபிஎஸ் உள்ள வாகனத்துக்கு வீட்டிலேயே பிரேக் எயர் எடுக்க எந்த ஸ்கானர் வாங்கலாம்?

கே: ஏபிஎஸ் இருந்தால் ஸ்கானர் இல்லாமல் எயர் எடுக்கவே முடியாதாமே? (கோப்பாய் தெற்கு)

ப: சொன்னவர் ஸ்கானர் விற்பவரா? பழைய ஒயிலை மாற்றுவது, ஹோஸ் மாற்றுவது, பின்சில்லுச் சிலிண்டர் மாற்றுவது போன்ற வேலைகளுக்குச் சாதாரண ஹைட்ரோலிக் பிரேக் உள்ள பெரும்பாலான கார்களில் ஸ்கானர் தேவையில்லை. ஒரு ரியூப், ஒரு போத்தல், பெடலில் ஓர் ஆள் போதும். காற்று ஏபிஎஸ் யூனிட்டுக்குள்ளேயே போய்விட்டால்தான் ஸ்கானரின் தேவை வரும்.

கே: உள்ளே போய்விட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (நீர்வேலி)

ப: முதலில் நடந்ததை ஞாபகப்படுத்துங்கள். ஒயில் தாங்கி ஒருதரம் வற்றிப் போனதா? மாஸ்டர் பம்போ ஏபிஎஸ் யூனிட்டோ மாற்றப்பட்டதா? ஆம் என்றால், நாலு சில்லிலும் பொறுமையாக எயர் எடுத்த பிறகும் பெடல் மெத்தென்று இருந்தால், சந்தேகப்படலாம்.

யூனிட்டுக்குள் மின்சாரத்தில் திறந்து மூடும் சிறு வால்வுகளும் ஒரு பம்பும் உண்டு. சில வால்வுகள் ஏபிஎஸ் வேலை செய்யும்போது மட்டும்தான் திறக்கும். நீங்கள் விடியும்வரை மிதித்தாலும் அவற்றின் பின்னால் நிற்கும் குமிழி அசையாது. ஸ்கானர் கட்டளை கொடுத்து வால்வைத் திறக்கும், பம்பை ஓடவிடும். அவ்வளவுதான் அதன் வேலை. காற்றை வெளியே விடுவது அப்போதும் உங்கள் கையிலுள்ள ஸ்பானர்தான்.

யூனிட்டைக் குற்றம் சொல்லுமுன் இன்னொன்றையும் பாருங்கள். கலிப்பரை இடம் வலம் மாற்றிப் பூட்டிவிட்டால் எயர் எடுக்கும் பிளீட் நிப்பிள் கீழ்ப்பக்கம் வந்துவிடும். காற்று மேலே நிற்கும், ஒயில் கீழால் வரும். எந்த விலை ஸ்கானரும் இதைக் காட்டித் தராது.

கே: மலிவாக ஒரு புளூடூத் பிளக் வாங்கிவிட்டேன். 'ஈஎல்எம் 327, வேர்ஷன் 1.5' என்று எழுதியிருக்கிறது. அது ஏபிஎஸ் எயர் எடுக்குமா? (இருபாலை)

ப: அந்தச் சிப்பை உருவாக்கியது எல்ம் இலெக்ட்ரோனிக்ஸ் என்ற கனடிய நிறுவனம். அவர்கள் 1.5 என்று ஒன்றை வெளியிட்டதே இல்லை. ஆகவே பெற்றோர் பெயர் தெரியாத பிள்ளை ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள்.

ஆனாலும் எறிய வேண்டாம். எஞ்சின் கோட் பார்க்க உதவும். 'பி' என்ற எழுத்தில் தொடங்குபவை எஞ்சின், கியர் பக்கத்துக் கோட்கள். பிரேக் 'சி'யில் தொடங்கும். அதைப் பார்க்க அந்தந்தக் கார்க் கம்பனியின் பாஷை தெரிய வேண்டும். போர்ட் கார்களுக்குப் போர்ஸ்கான் போன்ற தனி மென்பொருள் இருந்தால் இந்தப் பிளக்கிலும் கொஞ்சம் சாதிக்கலாம். எல்லாக் காருக்கும் பொதுவான செயலியில் எதிர்பார்க்காதீர்கள்.

கே: பெட்டியில் 'ஏபிஎஸ் சப்போர்ட்' என்று பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். நம்பலாமா? (கோப்பாய் வடக்கு)

ப: நம்பலாம். எதை நம்புகிறோம் என்று தெரிந்து நம்ப வேண்டும். இதில் மூன்று படி உண்டு. கோட்டை வாசிப்பது முதற்படி. அழிப்பது இரண்டாம் படி. யூனிட்டுக்குக் கட்டளை கொடுப்பது மூன்றாம் படி. முதல் இரண்டை மட்டும் செய்யும் கருவியும் 'ஏபிஎஸ் சப்போர்ட்' என்றுதான் எழுதும். பொய்யில்லை, ஆனால் உங்களுக்கு உதவாது.

உங்களுக்கு வேண்டியது மூன்றாம் படி. மெனுவில் 'ஏபிஎஸ் பிளீடிங்' அல்லது 'அக்டிவ் டெஸ்ட்' என்று இருக்கும். ஓட்டெல், லோஞ்ச், எக்ஸ்ரூல், பொக்ஸ்வெல் என்று பெயரைப் பார்த்து வாங்குவதில் பயனில்லை. ஒரே கம்பனியில் இதைச் செய்யும் மொடலும் உண்டு, செய்யாத மொடலும் உண்டு. யாழ்ப்பாணத்துக் கடையோ கொழும்புப் பஞ்சிகாவத்தையோ, காசு கொடுக்குமுன் உங்கள் காரிலேயே செருகச் சொல்லுங்கள். ஏபிஎஸ் யூனிட்டுக்குள் போய், அந்த மெனு திறப்பதைக் கண்ணால் பாருங்கள். கடைக்காரர் "அதெல்லாம் செய்யும் அண்ணை" என்று வாயால் காட்டினால், காசையும் வாயாலேயே கொடுத்துவிட்டு வாருங்கள்.

இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: இலவச அப்டேட் காலம் முடிந்தபின் கருவி தொடர்ந்து வேலை செய்யுமா, சந்தா கட்டாவிட்டால் படுத்துவிடுமா?

கே: கனடாவிலிருந்து சித்தப்பா ஸ்கானர் அனுப்புகிறாராம். எங்களுடையது ஜப்பான் வாகன் ஆர். வேண்டாம் என்று சொல்லலாமா? (உரும்பிராய்)

ப: சித்தப்பா அனுப்புவதை வேண்டாம் என்று சொல்லும் துணிவு யாழ்ப்பாணத்தில் யாருக்கு உண்டு? வாங்குமுன் ஒன்றைப் பார்க்கச் சொல்லுங்கள். வாகன் ஆர் கனடாவில் விற்கப்படுவதில்லை. வட அமெரிக்கப் பட்டியலை மட்டும் வைத்திருக்கும் கருவி உங்கள் காரை அடையாளம் காணாது. ஜப்பான் உள்நாட்டு மொடல்களின் பட்டியல் அதில் இருக்க வேண்டும்.

அடுத்தது, ஜப்பான் உள்நாட்டுக் கார்களுக்கு 17 எழுத்து விஐஎன் இலக்கம் இல்லை, செசி இலக்கம்தான். ஆகவே ஸ்கானரின் 'ஓட்டோ' தேடல் கைவிரிக்கும். எம்எச்55எஸ் போன்ற செசிக் குறியீட்டைப் பார்த்து நீங்களே தெரிவுசெய்ய வேண்டும். அக்குவாக்காரருக்கும் ஒரு வார்த்தை: வட அமெரிக்கப் பட்டியலில் அது 'பிரியஸ் சி'. விட்ஸ் அங்கே 'யாரிஸ்'. ஊரில் ஒரு பெயர், கனடாவில் ஒரு பெயர் என்பது நம் ஆட்களுக்குப் புதிதா என்ன?

கே: பிரியஸ் வைத்திருக்கிறேன். பிரேக் பழகியவன். வீட்டில் செய்யலாமா? (கோப்பாய்ச் சந்தி)

ப: கதவைத் திறந்ததும் முன்பக்கம் 'ஊங்' என்று ஒரு சத்தம் கேட்கிறதல்லவா? நீங்கள் பெடலைத் தொடுமுன்பே பம்ப் அழுத்தம் ஏற்றும் சத்தம் அது. இந்தக் காரில் பிரேக்கை ஆள்வது கணினி. அழுத்தத்தைச் சேமித்து வைக்கும் அக்கியூமுலேட்டர் ஒன்றும் உண்டு. கணினியைச் சேவை நிலைக்குக் கொண்டுபோகாமல் நிப்பிளைத் திறப்பதும், பாட் கழற்றிய நேரத்தில் யாரோ கதவைத் திறப்பதும் ஆபத்து. டொயோட்டாவின் ரெக்ஸ்ட்ரீமோ அதே வேலையைச் செய்யும் வேறு கருவியோ, அந்த ஒழுங்குமுறை தெரிந்த ஆளும் வேண்டும். வெசல் ஹைபிரிட்டிலும் பிரேக்கை மின் மோட்டார்தான் அழுத்துகிறது. அதற்கும் இதே பதில்.

சி1391 என்ற கோட் வந்திருந்தால் ஸ்கானர் வாங்கும் யோசனையையே விடுங்கள். அக்கியூமுலேட்டர் அழுத்தம் கசிகிறது என்று பொருள். எயர் எடுப்பது அதற்கு மருந்தல்ல.

கே: இவர் காருக்குப் பக்கத்தில், நான் பெடலில். "மிதி, விடு" என்று ஊருக்கே கேட்கக் கத்துகிறார். நான் செய்வது அவ்வளவு பெரிய வேலையா? (ஓர் ஆசிரியை, கோப்பாய்)

ப: அவருடையதைவிடப் பெரிய வேலை, ரீச்சர். நிப்பிள் திறந்திருக்கும்போது நீங்கள் காலை எடுத்தால் வெளிக்காற்று உள்ளே போகும், முழு வேலையும் வீண். அவர் "திறந்தாச்சு, மூடியாச்சு" என்று சொல்லட்டும். 'மூடியாச்சு' கேட்கும்வரை கால் எழக்கூடாது. பழைய காரென்றால் பெடலுக்குக் கீழே ஒரு பலகைத் துண்டு வையுங்கள். அடிமட்டம்வரை மிதித்தால் மாஸ்டர் பம்பின் ரப்பர், துருப்பிடித்த பகுதியில் உரசிக் கிழியலாம்.

அவரிடம் மூன்று விடயம் சொல்லுங்கள். தாங்கியில் ஒயில் குறையவிடக் கூடாது. சீமெந்துக் கல்லின் மேல் காரை ஏற்றக் கூடாது, அது சொல்லாமல் நொறுங்கும். கத்தவும் கூடாது.

கே: டொட் 3, டொட் 4, டொட் 5. இலக்கம் கூடினால் தரமும் கூடுமா? (நீர்வேலி)

ப: பரீட்சைப் புள்ளி என்று நினைத்துவிட்டீர்கள். புதிய டொட் 3 குறைந்தது 205 பாகை செல்சியஸ்வரை கொதிக்காது, டொட் 4 230வரை தாங்கும். ஈரம் 3.7 சதவீதம் ஏறியபின் அவை 140, 155 என்று இறங்கிவிடும். திறந்து வைத்த போத்தல் நம் மாரிக் காற்றில் தானாக ஈரம் குடிக்கும் என்பதால், பாதிப் போத்தலை அடுத்த வருடத்துக்கு வைக்காதீர்கள்.

டொட் 5 முற்றிலும் வேறு சாதி, சிலிக்கோன். ஏபிஎஸ்ஸுக்கு ஆகாது, மற்றவற்றோடு கலக்கவும் கூடாது. தாங்கியின் மூடியில் என்ன எழுதியிருக்கிறதோ அதுவே உங்களுக்கு வேதம்.

கே: அவசரத்துக்குக் கொஞ்சம் எஞ்சின் ஒயில் விட்டால்? (இருபாலை)

ப: அவசரமாக எல்லா ரப்பரும் ஊதிப் போகும். ஒரு துளியும் வேண்டாம்.

கே: போர்க்காலப் பெற்றோல் தடையின்போது ஒஸ்ரின் காரை மண்ணெண்ணெயில் ஓட்டியவன் நான். எங்களுக்கு ஸ்கானரா பாடம் சொல்லப் போகிறது? (ஒரு மூத்த வாசகர், கோப்பாய்)

ப: ஐயா, சில துளி பெற்றோலில் எஞ்சினைக் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றிய அந்தக் கெட்டித்தனத்துக்கு இன்றும் கும்பிடு. ஒஸ்ரினின் கார்பரேட்டரைப் பேய்க்காட்டலாம். ஏபிஎஸ் கணினி விடாது, விளக்கைப் போட்டுக் காட்டிக்கொடுக்கும்.

கே: கைதடிப் பாலம் பக்கம் வெள்ளத்துக்குள்ளால் வந்தபின் ஏபிஎஸ் விளக்கு எரிகிறது. எயர் எடுக்க வேண்டுமா? (கோப்பாய் வடக்கு)

ப: விளக்குக்கும் காற்றுக்கும் பெரும்பாலும் தொடர்பில்லை. மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் இருக்கும், சில்லு இறுகாமல் காக்கும் உதவி மட்டும் இருக்காது. கைப்பிரேக்கை இறக்கியும் சிவப்பு எரிந்தால் ஓடாதீர்கள்.

உங்கள் விடயத்தில் முதல் சந்தேகம் சில்லின் வேகத்தை அளக்கும் சென்சர். சேறும் உப்புநீரும் அதற்கு எதிரி. வீட்டு ஸ்கானர் உண்மையில் காசுக்கு உழைப்பது இங்கேதான். லைவ் டேட்டாவில் நாலு சில்லின் வேகத்தையும் வைத்து, இன்னொருவரை மெதுவாக ஓட்டச் சொல்லிப் பாருங்கள். மூன்று 20 காட்ட ஒன்று பூச்சியம் காட்டினால், குற்றவாளி அகப்பட்டான். இதற்கு, லைவ் டேட்டாவும் காட்டுமென்றால், இரண்டாம் படிக் கருவியே போதும்.

கே: எடுத்த பழைய ஒயிலை வளவில் ஊற்றலாமா? (உரும்பிராய்)

ப: நாம் குடிப்பது சுண்ணாம்புக்கல்லில் ஊறி வரும் நிலத்தடி நீர். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. அந்த எண்ணெயாவது மிதந்து கண்ணுக்குத் தெரிந்தது. பிரேக் ஒயில் தண்ணீரோடு கலந்துவிடும், தெரியவே தெரியாது. மூடிய போத்தலில் கராஜுக்குக் கொடுங்கள்.

கே: சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், வாங்கவா வேண்டாமா? (கோப்பாய் தெற்கு)

ப: 2020 மார்ச்சிலிருந்து 2025 பெப்ரவரிவரை கார் இறக்குமதி நின்றதில் எல்லாருடைய காருக்கும் வயது ஏறிவிட்டது, ஆசை நியாயமானது. ஒரு தடவை எயர் எடுக்க மட்டும் என்றால் வேண்டாம். கையால் எடுங்கள், சரிவராவிட்டால் ஸ்கானர் வைத்திருக்கும் கராஜுக்குப் போங்கள். வீட்டில் இரண்டு மூன்று வாகனம், வேலையும் நீங்களே பார்ப்பவர் என்றால், மூன்றாம் படிக் கருவியை உங்கள் காரில் சோதித்து வாங்குங்கள். பிளீடிங் செய்யும்போது பற்றறிக்குச் சார்ஜர் கொடுங்கள். ஏபிஎஸ் பம்ப் மின்சாரத்தை இழுக்கும், பாதியில் நின்றால் வேலை இரட்டிப்பு.

கே: வாங்கினால் ஒழுங்கை முழுவதும் இரவல் கேட்குமே! (இருபாலை)

ப: கொடுங்கள். அப்டேட் காசில் பங்கு வாங்குங்கள், பெடல் மிதிக்க ஆளையும் அவர்களே கொண்டுவரட்டும். காரை விற்கப் போகிறவர் கேட்டால் மட்டும் கொடுக்காதீர்கள். கோட்டை அழித்து விளக்கை அணைத்துவிட்டு, அந்தக் காரை உங்கள் மச்சானுக்கே விற்பார்.