கொள்கைக் குன்றுகளுக்கு ஒரு பாராட்டுப் பத்திரம்

கறைபடாத கரங்களுக்குச் சொந்தக்காரர்களே, சமரசம் என்று யாராவது சொன்னாலே வாய் கொப்பளிக்கும் முற்போக்குச் செம்மல்களே! உங்களுக்குப் பொன்னாடை போர்த்த இத்தனை காலம் தாமதமானதற்குப் பொறுத்தருள வேண்டும். உலகத்து வலதுசாரிகள் என்றைக்கோ மேடை போட்டுச் செய்திருக்க வேண்டிய மரியாதை இது. நன்றி கெட்ட கூட்டம், செய்யவில்லை. நானாவது செய்கிறேன்.

உங்கள் சாதனைகளில் தலையாயது 2002 ஏப்ரல் 21 அன்று பிரான்ஸில் நடந்தது. அதிபர் தேர்தலின் முதல் சுற்று. அந்த ஊர் வாக்குச்சாவடியில் ஒவ்வொரு வேட்பாளர் பெயரிலும் சீட்டுகளைக் கட்டுக் கட்டாக மேசையில் அடுக்கி வைத்திருப்பார்கள். வேண்டிய சீட்டைத் திரை மறைவில் உறைக்குள் செருகி, கண்ணாடிப் பெட்டியில் போட வேண்டும். அன்று மேசையில் 16 கட்டுகள். இடதுசாரிகளுக்கு விருந்துதான். டிராட்ஸ்கியவாதிகளே மூன்று பேர், மூன்று கட்சி. போதாதென்றால் கம்யூனிஸ்ட் ஒருவர், பசுமைக் கட்சிக்காரர் ஒருவர், இன்னும் சிலர். நடுவே லியோனல் ழோஸ்பன் பெயரிலும் ஒரு கட்டு. ஐந்து வருடம் பிரதமராக இருந்த சோஷலிஸ்ட்.

அவர் என்ன செய்தார் என்கிறீர்களா? வாரத்துக்கு 39 மணி நேர வேலையை 35 ஆக்கினார். கையில் காசில்லாதவருக்கும் மருத்துவக் காப்பீடு கொடுத்தார். ஒருபாலினத்தவர் உட்பட மணமாகாத இணையருக்கு 1999-ல் சட்டப் பாதுகாப்பு வாங்கித் தந்தார். அதனால் என்ன? அரசு நிறுவனங்களின் பங்குகளை விற்றாரே! மிஷ்லன் டயர் கம்பெனி ஆட்குறைப்பு அறிவித்தபோது, அரசே எல்லாவற்றையும் செய்துவிட முடியாது என்று கையை விரித்தாரே! பிரச்சாரத்தில், தன் திட்டம் சோஷலிசத் திட்டம் அல்ல என்று சொந்த வாயாலேயே சொன்னாரே! நீங்கள் நக்கீரர் பரம்பரை. சிவபெருமானே வந்து வேட்புமனு தாக்கல் செய்தாலும் கழுத்தில் பாம்பு ஏன் என்று கேட்பவர்கள். ழோஸ்பன் எம்மாத்திரம்!

தவிர, அவர்தான் எப்படியும் இரண்டாம் சுற்றுக்கு வந்துவிடுவாரே. முதல் சுற்றில் காதைத் திருகி ஒரு பாடம் புகட்டினால் என்ன குறைந்துவிடும்?

இரவு எட்டு மணிக்குத் தொலைக்காட்சியில் முடிவு வந்தது. வலதுசாரி ழாக் சிராக் 19.88 சதவீதம். தீவிர வலதுசாரி ழான் மரி லெ பென் 16.86. ழோஸ்பன் 16.18. நாஜிகளின் விஷவாயுக் கூடங்கள் இரண்டாம் உலகப் போர் வரலாற்றில் ஒரு சிறு விவரம் என்று 1987-ல் வாய் கூசாமல் சொன்ன லெ பென், இரண்டாம் சுற்றில்! வித்தியாசம் 1,94,600 ஓட்டு. மூன்று டிராட்ஸ்கியவாதிகளும் சேர்ந்து வாங்கியது பத்து சதவீதத்துக்கு மேல். சாவடிப் பக்கமே வராதவர்கள் ஒரு கோடிக்கும் மேல். ழோஸ்பன் அன்றிரவே அரசியலைவிட்டு விலகுவதாக அறிவித்தார். பாடம் புகட்டியாயிற்று. பாடம் படிக்க மாணவன்தான் இல்லை.

அடுத்து நடந்ததுதான் உச்சம். மே 1 அன்று பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தெருவில் இறங்கினார்கள். மே 5 அன்று, ழோஸ்பனுக்கு ஓட்டுப் போட்டால் கொள்கை கெட்டுவிடும் என்ற அதே கைகள், சிராக்குக்கு வரிசையில் நின்று ஓட்டுப் போட்டன. எந்தச் சிராக்? பாரிஸ் மேயராக 18 வருடம் இருந்து, வேலையே செய்யாத கட்சிக்காரர்களுக்கு நகராட்சிப் பணத்தில் சம்பளம் கொடுத்த விவகாரத்தில் மாட்டியவர். 2011-ல் நீதிமன்றமே அவரைக் குற்றவாளி என்றது. தொலைக்காட்சி பொம்மை நிகழ்ச்சியில் அவருக்கு வைத்த பெயர் ‘சூப்பர் பொய்யன்’. ‘திருடனுக்குப் போடு, பாசிஸ்ட்டுக்குப் போடாதே’ என்பதுதான் அப்போதைய கோஷம். மூக்கில் துணி கிளிப்பும் கையில் ரப்பர் உறையும் மாட்டிக்கொண்டு ஓட்டுப் போடப் போவதாகச் சிலர் கிளம்பினார்கள். அப்படி வந்தால் வாக்கின் ரகசியம் கெடும் என்று அதிகாரத் தரப்பு எச்சரிக்க வேண்டியதாயிற்று. சிராக்குக்குக் கிடைத்தது 82.21 சதவீதம். சொந்த வீட்டுப் பந்தியில் சாம்பாரில் உப்புக் குறைவு என்று இலையை மடக்கிவிட்டு எழுந்த நீங்கள், பதினைந்தே நாளில் எதிர்வீட்டு ஊசிப்போன சோற்றை மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினீர்கள். அதற்குப் பெயர் குடியரசைக் காத்தது!

‘தப்பு எங்கள் மேல் இல்லை, எங்கள் ஓட்டைச் சம்பாதிக்காத வேட்பாளர் மேல்’ என்பீர்கள். பாதி உண்மை. தன் திட்டம் சோஷலிசம் இல்லை என்று சோஷலிஸ்ட்களிடமே போய்ச் சொல்லி ஓட்டுக் கேட்ட அந்த அதிபுத்திசாலித்தனத்துக்கும் ஒரு பொன்னாடை தயாராகத்தான் இருக்கிறது. ‘எனக்குப் போடாவிட்டால் பூச்சாண்டி வருவான்’ என்பதைத் தவிர சொல்ல ஒன்றும் இல்லாதவர், ஓட்டுக் கேட்கவில்லை, மிரட்டுகிறார். ஆனால் ஒன்று: பூச்சாண்டி நிஜமாகவே வாசலில் நிற்கும்போது, மிரட்டியவன் மேல் உள்ள கோபத்தில் தாழ்ப்பாளைத் திறந்துவிடுவது எந்த ஊர் வீரம்?

திறந்தால் உள்ளே வருபவன் உங்கள் வீட்டுக்கா வருவான்? லெ பென்னின் திட்டம் வேலை, வீடு, உதவித்தொகை எல்லாவற்றிலும் பிரெஞ்சுக்காரருக்கே முன்னுரிமை. பாரிஸில் லா ஷப்பேல் பக்கம் போனால் தமிழ்ப் பெயர்ப் பலகையோடு வரிசையாகக் கடைகள். போருக்குத் தப்பி வந்த நம் ஈழத்துச் சனம் நடத்தும் மளிகைக் கடையும் நகைக்கடையும். குடியுரிமை கிடைக்காதவருக்கு அந்தத் தேர்தலில் ஓட்டே கிடையாது. அவர் தலையெழுத்தை எழுதும் சீட்டு உங்கள் கையில். அதை நீங்கள் மனசாட்சிக்கு மெருகேற்றும் துணியாக்கிக்கொண்டீர்கள். தோற்றால் உங்களுக்கு என்ன நஷ்டம்? காபிக் கடையில் பேச ஒரு விஷயம் கூடும். அவருக்கு விசா போகும். உங்கள் தூய்மைக்கு எவனோ ஒருவன் வட்டி கட்டுகிறான். அதைத் தியாகம் என்று வேறு சொல்லிக்கொள்கிறீர்கள்.

எதிர்முகாமைப் பாருங்கள். லெ பென்னோடு சண்டை போட்டுப் போட்டிக் கட்சி தொடங்கிய புரூனோ மெக்ரே, இரண்டாம் சுற்றில் அதே லெ பென்னுக்கு ஓட்டுக் கேட்டார். அவர்களுக்குத் தூய்மை முக்கியமில்லை, நாற்காலி முக்கியம். அதனால்தான் அப்பாவின் 17.79 சதவீதம், மகள் மரீன் கையில் 2017-ல் 33.9 ஆகி, 2022-ல் 41 சதவீதத்தைத் தாண்டியது. நீங்கள் புகட்டிய பாடத்தைப் படித்துத் தேறியது அந்தக் குடும்பம் ஒன்றுதான்.

நீங்களோ இருபது வருடம் கழித்தும் அதே பரீட்சையில் அதே விடையை எழுதினீர்கள். 2022 முதல் சுற்றில் இடதுசாரி ழான் லூக் மெலான்ஷோன், மரீன் லெ பென்னைவிடச் சுமார் 4.2 லட்சம் ஓட்டுப் பின்தங்கினார். கம்யூனிஸ்ட் வேட்பாளர் மட்டும் 8 லட்சம் ஓட்டு வாங்கியிருந்தார். ழோஸ்பன் போதுமான அளவு சிவப்பாக இல்லை என்று ஒதுக்கினீர்கள். மெலான்ஷோனோ முன்கோபி, முரடர், ரஷ்யா விஷயத்தில் வழவழா என்றீர்கள். ஆகாத மாமியாருக்குக் கை பட்டாலும் குற்றம், கால் பட்டாலும் குற்றம்.

இவ்வளவுக்கும், மூக்கைப் பிடித்துக்கொண்டு போட்ட ஓட்டு யாரையும் அடிமையாக்கிவிடவில்லை. அதே சிராக் ஆட்சியில் 2006-ல், 26 வயதுக்குட்பட்ட இளைஞர்களை முதல் இரண்டு வருடத்தில் காரணம் சொல்லாமலே வேலையைவிட்டு அனுப்பலாம் என்று சட்டம் வந்தது. மாணவர்களும் தொழிற்சங்கங்களும் வாரக்கணக்கில் தெருவை விடவில்லை. ஏப்ரலில் அரசு வாபஸ் வாங்கியது. சிராக்குக்கு ஓட்டுப் போட்ட எத்தனையோ பேர் அந்த ஊர்வலத்தில் அவரையே திட்டிக்கொண்டு நடந்தார்கள். யாருடைய கொள்கையும் தேய்ந்துவிடவில்லை. செருப்பு தேய்ந்திருக்கும்.

ஓட்டு என்பது வேட்பாளருக்குப் போடும் மாலை இல்லை. அடுத்த ஐந்து வருடம் யாரை எதிர்த்து மல்லுக்கட்டப் போகிறோம் என்பதற்கு ஆள் பொறுக்குவது. கத்தினால் காது கேட்கிறவனா, கத்தினால் ஆளையே பிடித்து உள்ளே போடுகிறவனா என்பதுதான் கேள்வி. இதற்கு விடை தெரியாமல் யாரும் வீட்டில் உட்காருவதில்லை. தெரிந்துதான் உட்காருகிறார்கள். அதனால்தான் எரிகிறது.

போய் ஓட்டுப் போட்டுவிட்டு வாருங்கள். மறுநாள் காலையிலிருந்து அந்த ஆளை வாய் வலிக்கத் திட்டுங்கள், கூட நானும் திட்டுகிறேன். முடியாது என்றால், இந்தாருங்கள் பொன்னாடை. பில்லை மட்டும் லா ஷப்பேல் மளிகைக் கடைக்காரருக்கு அனுப்பாமல், ஒரு தடவையாவது நீங்களே கட்டிப் பழகுங்கள்.