ஐம்பது மீட்டர் வீரம்

பாலாற்றை மறித்துக் கட்டப்பட்டு, கோலார் தங்கவயலின் தாகத்தை நெடுங்காலம் தணித்த பேத்தமங்களா ஏரியின் கரையில் மாலைதோறும் உலாவப் போகும் என் சிநேகிதர், கான்பூரிலுள்ள அரசாங்க ஆயுதக் கம்பெனி 2023இல் வெளியிட்ட ‘பிரபல்’ ரிவால்வரின் குண்டு 50 மீட்டர் பாயும் என்று பத்திரிகையில் வாசித்த நாள் முதலாய், 76 மில்லிமீட்டர்க் குழலுக்கு இத்தனை தீர்க்கதிருஷ்டியா என்று பரவசமுற்று, மதகிலிருந்து புளியமரம்வரை அடியளந்து, ஆள்காட்டி விரலை நீட்டி அப்பியாசம் செய்து வருகிறார். (1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாதவர் விரலைத்தான் நீட்டலாம்.) நேற்று எதிரே வந்தவர் திருடரா, கடன் கொடுத்தவரா என்பது 50 மீட்டரில் அவருக்குப் புலப்படவில்லை, புலப்பட்டபோது தூரம் இரண்டு மீட்டர். வட்டியோடு கொடுத்துவிட்டு வந்தார்.