முக்கால் டேங்க்காரர்

சிவப்பு விளக்கு எரிந்த பிறகும் 'இன்னும் முப்பது மைல் ஓடும்' என்று துணிந்து போகிறவர்கள் உண்டு. இவர் அந்த ரகமல்ல. இவருக்கு முள் முக்காலைத் தொட்டாலே டேங்க் காலி. சாதாரண நாளில் கூட்டத்தோடு கூட்டமாக இருப்பார். மழைக்கு ஈசல் போல, புயல் வந்தால்தான் வெளியே தெரிவார்.

2012 அக்டோபர் 29 இரவு, சாண்டி புயல் அமெரிக்காவின் நியூ ஜெர்ஸியில் கரையேறியது. மாநிலத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்கு மின்சாரம் போயிற்று. பல்பு புகழ் தாமஸ் எடிசனின் பெயரைத் தாங்கிய, தமிழ்க் குடும்பங்கள் நிறைய வசிக்கும் எடிசன் ஊரிலும் வீட்டுக்கு வீடு மெழுகுவத்தி. முக்கால் டேங்க்காரர் மட்டும் கலங்கவில்லை. வானிலை அறிவிப்பு வந்த அன்றே இரண்டு கார்களையும் நிரப்பியாயிற்று. புல்வெட்டும் மெஷினுக்கான சிவப்புக் கேனையும்கூட.

மறுநாள் ஆபீஸ் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, தெருமுனையில் மரம் குறுக்கே கிடக்கிறது. டேங்க் ததும்புகிறது, போவதற்குத்தான் இடமில்லை. செல்போனுக்குச் சார்ஜ் ஏற்ற வாசலில் காரை நிறுத்தி இஞ்சினை ஓடவிட்டார். உள்ளே ஹீட்டர் இதமாக இருக்கவே பிள்ளைகளும் ஏறிக்கொண்டார்கள். இரண்டு நாளில் முள் இறங்கியது.

"இன்னும் முக்கால் டேங்க் இருக்கேங்க" என்றார் மனைவி.

"முக்கால்தானே இருக்கு!" என்றபடி சாவியை எடுத்தார் இவர்.

பல பங்க்குகளில் தரைக்கடியில் பெட்ரோல் இருந்தது. மேலே ஏற்றக் கரண்ட் இல்லை. கரண்ட் இருந்த இடத்துக்கு லாரி வரவில்லை. லிண்டனில் உள்ள பேவே சுத்திகரிப்பு ஆலைக்குள் வெள்ளம் புகுந்திருந்தது; நியூயார்க் துறைமுகம் மூடிக் கிடந்தது; பெட்ரோல் சேமிப்புக் கிடங்குகளும் இருட்டில். எஞ்சிய பங்க்குகளின் முன்னால் மைல் கணக்கில் கார்கள். அதில் நம்மவர் மூன்று மணி நேரம் நின்று, அங்குலம் அங்குலமாக நகர்ந்து, நிரப்பியது நாலு கேலனுக்கும் குறைவு. நின்ற நேரத்தில் எரித்தது தனிக் கணக்கு.

வரிசையில் அவர் வாத்தியார். முன்னும் பின்னும் நிற்பவர்களுக்கு இலவச வகுப்பு. நெருக்கடி நிலை அறிவித்தபின் பத்து சதவீதத்துக்கு மேல் விலையை ஏற்றினால் நியூ ஜெர்ஸி சட்டப்படி குற்றம் என்பார். புயலுக்கு முன் மூன்றரை டாலர் வாக்கில் இருந்ததே என்று செல்போனில் கணக்குப் போட்டுக் காட்டுவார். அவர் கோபம் நியாயமானதுதான். விலையைக் கண்டபடி ஏற்றியதாகச் சில பங்க்குகள் மீது மாநில அரசே வழக்குத் தொடுத்தது. ஆனால், தன் முறை வந்ததும் வாத்தியார் விலைப் பலகையை நிமிர்ந்தும் பார்க்கமாட்டார். அந்த மாநிலத்தில் வண்டிக்குத் தானே பெட்ரோல் போட்டுக்கொள்ளச் சட்டம் இடம் தராது. ஊழியர் குழாயைச் செருகியதும் கண்ணாடியை இறக்கி, "ஃபுல்!" என்பார்.

அந்த நேரம் பார்த்து ஊரிலிருந்து அம்மா போன். அமெரிக்க வழக்கப்படி இவர் "கேஸ் கிடைக்கலம்மா" என்று சொல்லிவிட்டார்.

"அதுக்கா இப்படிப் புலம்புற? பக்கத்து வீட்ல ஒரு சிலிண்டர் கைமாத்தா வாங்குடா!"

நவம்பர் 3 நண்பகல் முதல், ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி 12 மாவட்டங்களில் ஒற்றை-இரட்டைப் படை முறையைக் கொண்டுவந்தார். நம்பர் பிளேட்டின் கடைசி எண் ஒற்றைப் படை என்றால் ஒற்றைப் படைத் தேதியில் மட்டும் பெட்ரோல். எண்ணே இல்லாமல் வெறும் எழுத்தாக இருந்தால் அதுவும் ஒற்றைப் படைதான். ஆளுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள், வரிசை பாதியாகும் என்பது ஏற்பாடு. முக்கால் டேங்க்காரரின் கார்களோ, ஜாதகம் பார்த்து வாங்கியது போல ஒன்று ஒற்றை, ஒன்று இரட்டை. தினமும் போனார்.

நவம்பர் 13 காலை கட்டுப்பாடு நீங்கியது. வழக்கம்போல விடியற்காலையில் கிளம்பினார். பங்க்கில் விளக்கு எரிந்தது. ஊழியர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒரு கார் இல்லை. நம்மவர் வேகத்தைக் குறைத்து, சந்தேகமாக எட்டிப் பார்த்தார்.

"ஒருத்தரையும் காணோமே, ஸ்டாக் தீர்ந்திருக்கும்" என்று முணுமுணுத்துவிட்டு, வரிசை நிற்கும் பங்க்கைத் தேடி வண்டியை விட்டார்.