தந்திக் கனிவியல்: உகுலேலேயை முன்வைத்து ஓர் ஆய்வு

உகுலேலே வாங்கியவர் மூன்றாம் மாதத்தில் அடையும் மனநிலைக்கு மருத்துவ நூல்கள் இன்னும் பெயர் வைக்கவில்லை. குறிகள் தெளிவானவை. கருவியைக் காதோரம் வைத்துக்கொண்டு ஒரே தந்தியைத் திரும்பத் திரும்ப மீட்டுவார். ‘கொஞ்சம் கீச்சென்று இல்லை?’ என்று வீட்டாரைக் கேட்பார். அவர்கள் ஆமாம் என்றாலும் வருந்துவார், இல்லை என்றாலும் வருந்துவார். இரவில் தந்தி உறைகளின் படங்களைக் கைபேசியில் பெரிதாக்கிப் பார்ப்பார். நாதம் இன்னும் கனமாக, இன்னும் கனிவாக வர எந்தத் தந்தி போட வேண்டும் என்பதே அவரைப் பிடித்த கேள்வி. உலகின் மற்றக் கேள்விகள் எல்லாம் தீர்ந்துவிட்டதால் இதை ஆய்வுக்கு எடுத்தோம் என்று யாரும் எண்ண வேண்டாம். அவற்றுக்கு வேறு ஆள் இருக்கிறார்கள்.

ஆய்வேடு என்றால் வரலாற்று இயல் ஒன்று இருந்தே தீர வேண்டும். 1879 ஆகஸ்டில் ரேவன்ஸ்கிராக் என்ற கப்பல், கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தமான போர்த்துகீசியரை மதீராத் தீவிலிருந்து ஹவாயின் ஹொனலூலுவில் கொண்டுவந்து இறக்கியது. அவர்களுள் மானுவல் நூனிஸ், அகஸ்டோ டியாஸ், ஜோஸே டோ எஸ்பிரித்தோ சாந்தோ ஆகிய மூவரும் மரவேலைக்காரர்கள். பிற்பாடு ஊருக்குள் வந்து கடை போட்டார்கள். தங்கள் தீவின் மஷேட் என்ற சின்னக் கருவியின் உடல், ரஜாவ் என்ற ஐந்து தந்திக் கருவியின் சுருதி முறை, ஹவாயின் கோவா மரம் மூன்றும் கூடியதில் உகுலேலே பிறந்தது. ஹவாய் மன்னர் கலாகாவா அதற்கு அரண்மனையில் இடம் கொடுத்தார். 1915இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பனாமா-பசிபிக் பொருட்காட்சிக்குப் பிறகு அமெரிக்கா முழுவதையும் உகுலேலேப் பித்து பிடித்தது. அடுத்த ஆண்டே ஹொனலூலுவில் சாமுவேல் கமாகா தொடங்கிய பட்டறை இன்றும் அக்குடும்பத்தின் கையில் ஓடுகிறது.

இத்தனை பேர் கை வைத்த கருவியை யாரும் கனத்த நாதத்துக்காகச் செய்யவில்லை. அதற்குக் கருவியே சாட்சி. நான்கு தந்திகளும் ஜி, சி, இ, ஏ என்று சுருதி கூட்டப்படுகின்றன. கிதாரில் வாசிப்பவரின் முகத்துக்கு அருகே இருக்கும் தந்திதான் எல்லாவற்றிலும் தாழ்ந்தது. இங்கே அந்த இடத்தில் உள்ள ஜி 392 ஹெர்ட்ஸில் நிற்கிறது. அதற்கு அடுத்த சி 262. அதாவது படிக்கட்டில் முதல் படியே மூன்றாம் படிக்கு மேலே இருக்கிறது. கருவியின் மிகத் தாழ்ந்த ஒலி அந்த சி தான், பியானோவின் நடு சி. நம் கட்டைக் கணக்கில் சொன்னால், ஒரு கட்டையில் பாடும் ஆண் பாடகர் மேல் ஷட்ஜம் பிடிக்கும் இடத்தில்தான் உகுலேலே வாயையே திறக்கிறது. அதனிடம் போய் அடித்தொண்டை கேட்கிறோம்.

இனி இலக்கணம். கனிவு என்பது யாது எனின், கழித்தல் என்க. தந்தியை மீட்டும்போது ஆதார ஒலியோடு அதன் இரு மடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு அதிர்வெண்ணுள்ள அனுசுரங்களும் எழுகின்றன. மேலே உள்ளவை பலமாகவும் நெடுநேரமும் ஒலித்தால் காது ‘கணீர்’ என்கிறது. அவை சட்டென்று அடங்கினால் ‘ஆகா, கனிவு’ என்கிறது. ஆகவே கனிவான தந்தி என்று விற்கப்படுவது எதையும் கூடுதலாகத் தருவதில்லை, சிலவற்றைத் தராமல் விடுகிறது. தராமல் இருப்பதற்கும் ஒரு விலை உண்டு என்பதை வணிகவியலார் கவனிக்க வேண்டும்.

அற்றேல், இருக்கிற தந்தியையே தளர்த்திவிட்டால் என்ன எனின், நல்ல கேள்வி. 1636இல் மரேன் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி இதற்கான விதியை எழுதிவைத்துவிட்டார். சுருதி, தந்தியின் நீளத்துக்கும் எடைக்கும் இழுவிசைக்கும் கட்டுப்பட்டது. இழுவிசையின் வர்க்கமூலம் போல அது ஏறி இறங்கும். நான்கு தந்திகளையும் அரை சுரம் இறக்கினால் இழுவிசை சுமார் 11 சதவீதம் குறையும், ஒரு முழு சுரம் இறக்கினால் 21 சதவீதம். பிரடையை லேசாகத் திருப்பினால் முடிந்தது. நாதம் உண்மையிலேயே குழைகிறது. ஆனால் இதற்குக் காசு செலவாவதில்லை, தபாலில் எதுவும் வருவதில்லை, பிரித்துப் பார்க்க உறையும் இல்லை. எனவே உகுலேலே உலகம் இந்த முறையை அநேகமாக ஏற்கவில்லை.

பொருள் வகைக்கு வருவோம். ஆதியில் விலங்குக் குடலை முறுக்கிய நரம்புதான். கனிவுக்கு இன்றும் அதையே உரைகல்லாகச் சொல்வார்கள். ஆனால் அது ஈரத்தை உறிஞ்சும், நாற்புறமும் கடல் சூழ்ந்த ஊரில் அதை வைத்துக்கொண்டு சுருதி சேர்ப்பது தனி விரதம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் நைலான் வந்து குடலை ஓய்வுபெற வைத்தது. நைலான் தடித்தது, மென்மையானது, தன் அதிர்வைத் தானே கொஞ்சம் விழுங்கிக்கொள்ளும் சுபாவம் உடையது. கழித்தல் கணக்கில் அதுவே முதல் மதிப்பெண் பெறுகிறது. பிறகு இத்தாலியின் அக்விலா நிறுவனத்தார், குடலின் அடர்த்திக்குப் பக்கத்தில் வரும் செயற்கைத் தந்தியைச் செய்து நைல்கட் என்று பெயர் வைத்தார்கள். குடலுக்கு நெருக்கம் என்றதும் கனிவு கொட்டும் என்று நம்பி வாங்குகிறவர் உண்டு. என் காதுக்கு அது கணீர்க் கட்சியையே சேர்ந்தது.

நான்காவது வகைதான் ஆய்வாளரை உட்கார வைப்பது. ஃப்ளூரோகார்பன் என்ற இந்தச் சரக்கு இசைக்காகப் பிறக்கவில்லை, மீனுக்காகப் பிறந்தது. ஜப்பானின் குரேஹா நிறுவனம் 1971இல் இதைத் தூண்டில் நரம்பாகக் கொண்டுவந்தது. இதன் ஒளிவிலகல் நீரின் ஒளிவிலகலுக்குக் கிட்டத்தில் இருப்பதால் தண்ணீருக்குள் மீன் கண்ணில் எளிதில் படாது. (மங்கிய வெளிச்சத்தில் தந்தி மாற்றும்போது நம் கண்ணிலும் படாது.) நைலானின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.14 கிராம், இதற்கு 1.78. ஆகவே அதே சுருதிக்கு, அதே இழுவிசைக்கு, ஐந்தில் ஒரு பங்கு மெலிந்த தந்தி போதும். மெலிந்த தந்தி எளிதில் வளையும், மேல் அனுசுரங்களைத் தாராளமாக விடும். தெளிவு வேண்டுவோர்க்கு வரம், கனிவு வேண்டுவோர்க்குச் சோதனை.

சிக்கனக்காரர் நேரே மீன்பிடிச் சாமான் கடைக்கே போய்விடுவதும் உண்டு. அங்கே தந்திகள் சி, இ, ஏ என்று கிடைக்காது. எத்தனை பவுண்டு தாங்கும் என்றுதான் கேட்க வேண்டும். ‘அண்ணே, தங்கூசுல நாப்பது பவுண்டு, அம்பது பவுண்டு ரெண்டும் ஒவ்வொரு மீட்டர் குடுங்க’ என்று கேட்பவரைக் கடைக்காரர் ஏற இறங்கப் பார்க்கிறார். ‘என்ன மீனுக்குத் தம்பி? ஒரு மீட்டரை வச்சு என்ன பண்ணுவீங்க?’ இந்தக் கேள்விக்கு உண்மையான பதில் சொல்லிவிட்டுக் கௌரவத்தோடு கடையை விட்டு இறங்கியவர் இல்லை. முழுச் சுருளையே வாங்கிக்கொண்டு வருகிறார்கள். ஒரு சுருளில் ஊரிலுள்ள உகுலேலேகள் அத்தனைக்கும் சி தந்தி கட்டலாம்.

இங்கே நிறக் கோட்பாடு என்ற கிளைக்கொள்கையைத் தொடாமல் போனால் தேர்வாளர் மதிப்பெண் குறைப்பார். கறுப்பு நைலான் கனிவு என்பது பழைய நம்பிக்கை. வொர்த் என்ற ஜப்பானியத் தயாரிப்பில் நிறமற்றதும் உண்டு, பழுப்பும் உண்டு. பழுப்பே கனிவு என்பது வாசிப்போர் வழக்கு. தடிமனும் மென்மையும் மாறும்போது நாதமும் மாறும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் கருநிறத்தைக் கண்ணால் பார்த்துவிட்ட காது அதன் பிறகு நடுநிலையான சாட்சி அல்ல. விளக்கை அணைத்துவிட்டு வேறு ஒருவரை வாசிக்கச் சொல்லிக் கேட்டால் பல கொள்கைகள் அங்கேயே விழுந்துவிடும். அதனால்தான் யாரும் விளக்கை அணைப்பதில்லை.

இனி மையச் சர்ச்சை: தாழ் ஜி. அந்த 392 ஹெர்ட்ஸ் தந்தியைக் கழற்றிவிட்டு அதில் பாதியான 196இல் ஒன்றைப் போடுவது. நம்மூர்ப் பெண் பாடகர் பலர் வைத்துக்கொள்ளும் ஐந்து கட்டை ஆதார ஷட்ஜம் அதுதான். மற்ற யோசனைகள் எல்லாம் நாதத்தின் நிறத்தை மாற்றுபவை. இது ஒன்றுதான் கருவிக்குக் கீழே புதிதாக ஓர் அறை தோண்டுவது. இரு கட்சிக்கும் ஆள்பலம் உண்டு. ஹெர்ப் ஓஹ்தா தாழ் ஜி போட்டு வாசித்துப் புகழ்பெற்றவர். ஜேக் ஷிமாபுகுரோ உயர் ஜியிலேயே உலகம் சுற்றுகிறார்.

அறை தோண்டுவதில் செலவு வேறு. அதே நீளம், அதே இழுவிசை, பாதிச் சுருதி என்றால் தந்தியின் எடை நான்கு மடங்காக வேண்டும்; அதே பொருளில் செய்தால் தடிமன் இரட்டிப்பாகும். அவ்வளவு தடித்த நைலான், தந்தி என்ற பெயரை இழந்து கயிறாகிவிடும். மீட்டினால் ‘தொம்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஆகவே மெல்லிய உள்ளிழையின் மேல் உலோகக் கம்பி சுற்றுகிறார்கள். அது நன்றாக ஒலிக்கிறது, அளவுக்கு மேலேயே நன்றாக ஒலிக்கிறது: கச்சேரியில் நால்வரில் ஒருவருக்கு மட்டும் மைக் கொடுத்த கதை. போதாததற்கு விரல் நகரும்போது ‘கிறீச்’ என்று ஒரு துணுக்கு. கனிவு தேடிப் போனவருக்கு இது தேவையா? பிளாஸ்டிக்கில் உலோகத் தூளைக் கலந்து எடையேற்றிய சுற்றில்லாத செந்நிறத் தந்தி இந்தச் சிக்கலுக்கு வந்த விடைகளுள் ஒன்று. தடித்த ஃப்ளூரோகார்பன் இன்னொன்று. கிறீச் பிடிக்காதவர் இவ்விரண்டில் ஒன்றை எடுப்பதே நலம்.

எடுத்தபின் தெரியும், கழுத்தின் தலையில் உள்ள வெட்டில் அது இறங்காது. அந்த வெட்டு மெல்லிய உயர் ஜிக்கு அளவெடுத்தது. அரத்தால் மெல்ல அகலப்படுத்த வேண்டும். அகலப்படுத்திய பிறகு மனம் மாறி உயர் ஜிக்குத் திரும்பினால், அது பெரியண்ணன் சட்டையில் கிடந்து அதிரும். ஆதலால் அரத்தைத் தொடுமுன் ஒரு வாரம் பொறுக்கவும்.

சொப்ரானோ என்ற சிறிய வகைக்குத் தாழ் ஜி பொருந்துமா என்பாரும் உளர். தந்தி நீளம் அதில் சுமார் 13 அங்குலம், டெனர் என்ற பெரிய வகையில் 17. ஒரே தந்தியை ஒரே சுருதியில் இரண்டிலும் கட்டினால் டெனரில் இழுவிசை 1.7 மடங்கு. அதே தாழ் ஜி, டெனரில் விறைப்பாக நின்று பேசும், சொப்ரானோவில் தொளதொளவென்று கிடக்கும். அந்தச் சின்ன வயிற்றில் 196 ஹெர்ட்ஸைத் தூக்கிக் கொடுக்கும் அளவுக்குக் காற்றும் இல்லை. அப்படியும் தாழ்ந்த ஒலி கேட்கத்தான் செய்கிறது. ஏனெனில் 392, 588 என்று அனுசுரங்கள் வரிசையாக வந்தால், வராத அடி ஒலியை மூளை தானே போட்டு நிரப்பிக்கொள்ளும். கேட்பவரின் மூளையிலேயே தயாராகும் இந்தப் பண்டத்துக்கு மட்டும் இன்னும் யாரும் உறை அச்சடிக்கவில்லை. எங்கள் தீர்ப்பு: சொப்ரானோவை அதன் கீச்சோடு விட்டுவிடுங்கள், அது பிறந்ததே அதற்குத்தான்.

கட்டைவிரல் இயலைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், முதலில் வைத்திருந்தால் மேலே யாரும் படித்திருக்கமாட்டார்கள். குதிரைக்கு அருகே நகத்தால் மீட்டினால் எந்தத் தந்தியும் தகரம். கையைக் கழுத்தும் உடலும் சேரும் இடத்துக்கு நகர்த்தி, கட்டைவிரல் சதையால் மீட்டினால் அதே தந்தி குழையும். தந்தியின் நட்டநடுவில், பன்னிரண்டாம் மெட்டின்மேல் மீட்டினால் இரட்டைப்படை அனுசுரங்கள் எழும்புவதே இல்லை. பொருள்வகை இயலில் காசு கொடுத்துச் செய்த அதே கழித்தலை, கை ஐந்தாறு விரற்கடை தள்ளி நின்று இலவசமாகச் செய்கிறது. விரல் நோகும் என்பாருக்குக் கம்பளி மீட்டுவில்லை உண்டு. இதிலும் ஒரு முரண் கண்டோம். தேய்ந்து பழசான தந்தி தானாகவே கணீரை இழந்து மந்தமாகிறது. எனவே கனிவு வேண்டிப் புதுத் தந்தி மாட்டுபவர் முதலில் செய்யும் காரியம், வீட்டிலிருந்த கனிவைக் கழற்றிக் குப்பையில் போடுவது.

இருந்தும் வாங்கியே தீருவேன் என்பவர்க்கு நடைமுறைக் குறிப்பு. டெனர் வைத்திருப்பவர் சுற்றில்லாத தாழ் ஜி உள்ள தொகுதியை எடுக்கலாம். சொப்ரானோவுக்கும் டெனருக்கும் இடைப்பட்ட கான்சர்ட் வகை வைத்திருப்பவர் தடித்த நைலானைப் போட்டு அரை சுரம் இறக்கலாம். புதிய தந்தி சில நாள் இழுபட்டுக்கொண்டே இருக்கும், வாசிப்பதைவிடப் பிரடை திருப்புவதே அதிகமாக இருக்கும், பதற வேண்டாம். சில தயாரிப்பாளர்கள் தந்தியை இரு முறை கட்டும் அளவுக்கு நீளமாகத் தருகிறார்கள். குதிரையில் முடிச்சுப் போட்டபின் மிஞ்சும் பாதியைப் பத்திரமாகச் சுருட்டி உறையில் வையுங்கள், அடுத்த முறைக்கு உதவும். பெரும்பாலும் அந்த அடுத்த முறை வருவதற்குள் அவர் சொப்ரானோவையோ கான்சர்ட்டையோ விற்றுவிட்டு, டி, ஜி, பி, இ என்று கூட்டும் இன்னும் பெரிய பாரிடோன் வாங்கியிருப்பார். அதற்கு அந்தப் பாதி நீளம் எட்டாது.