ஐம்பது சென்ட் ஞானம்

எங்கள் சமையலறை மேலடுக்கில் பதினோரு பிளாஸ்டிக் கோப்பைகள் ஒன்றுக்குள் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. எல்லாம் காபிக் கடைகளுக்குத் திருப்பித் தர வேண்டியவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு யூரோ முன்பணம் கட்டியிருக்கிறேன். ‘ஃபாண்ட்’ என்பார்கள் இங்கே. இத்தனைக்கும் ஊரில் ‘குப்பையைக் குறைப்போம்’ என்று துண்டுச்சீட்டு கொடுக்கும் ஆள் நான்.

ஊர், தெற்கு ஜெர்மனியின் டூபிங்கன். ஒருமுறை குடித்துவிட்டு எறியும் கோப்பைக்கும் தின்றுவிட்டு எறியும் தட்டுக்கும் 50 சென்ட், கரண்டி வகையறாவுக்கு 20 சென்ட் என்று 2022 ஜனவரியிலிருந்து நகராட்சி வரி போடுகிறது. கட்ட வேண்டியவர் கடைக்காரர்தான். ஆனால் அது எங்கே வந்து விடியும் என்பது நமக்குத் தெரியாதா? துரித உணவுக் கடை நடத்துபவர் ஒருவர் வழக்குப் போட, விவகாரம் அரசியல் சாசன நீதிமன்றம் வரை போனது. வரி செல்லும் என்ற தீர்ப்பு 2025 ஜனவரியில் வெளிவந்தது.

வரி வருவதற்கு முன்பே வருஷக்கணக்காக நான் கடைத்தெருவில் நின்று உபதேசம் செய்துகொண்டிருந்தேன். பேசிப் பேசித் தொண்டை வறண்டதும் எதிர்க் கடையில் காகிதக் கோப்பையில் ஒரு காபி. சொந்தக் குவளை வீட்டில் பத்திரமாக இருக்கும். அத்தனை உபதேசத்துக்கும் மசியாத ஓர் ஆளை 50 சென்ட் திருத்தியது என்றால், அந்த ஆள் நான்தான். பூமித்தாய் மேல் பாசம் எல்லாம் இல்லை. நாற்பது ரூபாய்க்கு மேல் ஆகிறதே என்று மனசு கணக்குப் போட்டுவிட்டது.

திருந்திய வேகத்தில் வந்த வினைதான் அந்தப் பதினொன்றும். வாங்குவேன், திருப்பிக் கொண்டுபோக மறப்பேன், இன்னொன்று வாங்குவேன். கடைக்கும் ஆளுக்குமாகச் சுற்ற வேண்டிய கோப்பை என் வீட்டுப் பரணில் தவம் கிடக்கிறது.

ஐரோப்பா முழுக்க நவம்பரில் கழிவுக் குறைப்பு வாரம் நடக்கும், 2009இலிருந்து நடக்கிறது. ஒரு வருஷம் என்னையும் பேசக் கூப்பிட்டார்கள். இத்தாலியின் கப்பன்னோரி கதையை எடுத்துவிட்டேன். ரொஸ்ஸானோ எர்கொலினி என்ற ஆரம்பப் பள்ளி ஆசிரியர், தன் ஊர்ப் பக்கம் வரவிருந்த குப்பை எரியுலையை எதிர்த்துக் கிளம்பினார். வீடு வீடாகப் போய்க் குப்பையைத் தரம் பிரித்து வாங்கும் முறை வந்தது. 2007இல் ‘பூஜ்யக் கழிவு’தான் இலக்கு என்று ஐரோப்பாவிலேயே முதலாவதாக அந்த ஊர் அறிவித்தது. 2013இல் அவருக்குக் கோல்ட்மன் சுற்றுச்சூழல் விருது. நல்ல கைதட்டல். மேடையை விட்டு இறங்கியபோதுதான் பார்த்தேன்: நான் அச்சடித்த 200 துண்டுச்சீட்டுகளில் மிச்சம் 160. தேதி போட்டிருந்ததால் அடுத்த வருஷத்துக்கும் ஆகாது. இருட்டும்வரை காத்திருந்து காகிதத் தொட்டியில் போட்டேன்.

மிக்ஸி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். மார்ட்டீன் போஸ்ட்மா என்ற பெண்மணி 2009இல் ஆம்ஸ்டர்டாமில் ‘ரிப்பேர் கஃபே’ ஒன்றைத் தொடங்கினார். பழுதான சாமானைத் தூக்கிக்கொண்டு போனால், தெரிந்தவர்கள் சும்மாவே சரிசெய்து தருவார்கள். பக்கத்தில் காபி, கேக். ஐரோப்பாவில் ஊர் ஊராகப் பரவிவிட்டது. சென்னையிலிருந்து சுமந்து வந்த எங்கள் மிக்ஸி ஒருநாள் தேங்காய்ச் சட்னியின் நடுவே நின்றுபோனது. அன்றிரவே புதிதாக ஒன்றுக்கு ஆர்டர் போட்டுவிட்டு, கொள்கைக்குப் பங்கம் வரக்கூடாதே என்று பழையதை ரிப்பேர் கஃபேக்குத் தூக்கிப் போனேன்.

ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைத் தலைகீழாகக் கவிழ்த்தார். அடியில் ஒரு சிவப்புப் பொத்தான். அழுத்தினார். ஓடியது. சுமை அதிகமானால் தானாக நின்றுவிடுமாம். திருகுளியைக் கையில்கூட எடுக்கவில்லை மனிதர். கேக்கைத் தின்னப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

“ஏங்க, அடியில செவப்பு பட்டன் இருக்கும், அமுக்குங்கன்னு அன்னிக்கே நான் சொன்னேன்ல? நீங்கதான் மோட்டார் போச்சு, மோட்டார் போச்சுன்னு குதிச்சீங்க.”

சொல்லியிருக்கிறாள். நான்தான் அப்போது கப்பன்னோரி உரைக்குக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன்.

புது மிக்ஸி வந்து சேர்ந்தது. திருப்பி அனுப்பும் கெடுவையும் கோட்டை விட்டேன். டூபிங்கன் பக்கம் வரும் அன்பர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். பெட்டி பிரிக்காமல் அப்படியே தருகிறேன். போகிற வழியில் அந்தப் பதினோரு கோப்பைகளையும் கடையில் கொடுத்துவிட்டால், பதினோரு யூரோவும் உங்களுக்கே.