பெருமாளே கருப்புதான் மருமவனே

முந்திரி வித்த காசு இன்னும் கையில சூடு ஆறல, அதுக்குள்ள மவ காதுக்கு வைரம் எடுக்கக் கெளம்பிட்டியாமே. உங்கத்தை வந்து சொன்னா. கல்லு எப்பிடி வேணும்னு கேட்டதுக்கு, "கலரு நல்ல வெள்ளையா, டி கலரா இருக்கணும், மத்ததெல்லாம் கடைக்காரரு பாத்துக்குவாரு"ன்னியாம். ரொம்ப நல்லது. நகைக்கடைக்காரருக்கும் புள்ளகுட்டி இருக்கு. அதுங்களும் இஞ்சினீரிங் படிக்க வேணாமா?

பொண்ணு பாக்கப் போனா "புள்ள கலரா இருக்குமா"ன்னு மொதல்ல கேக்கிற சனம்தானே நாம. அந்தப் புத்தி கல்லு வாங்குற எடத்துக்கும் கூடவே வந்துடுது. வெறும் வெள்ளைதான் வேணும்னா விருத்தாசலத்துக்குப் போயி பீங்கான் கப்பு ரெண்டு வாங்கி காதுல தொங்க விடு, அதைவிட வெள்ளை எங்க கெடைக்கும்? நம்ம ஸ்ரீமுஷ்ணத்துப் பூவராகப் பெருமாளு என்ன கலரு? சாளக்கிராமம், கன்னங்கரேல்னு. இடுப்புல கையை ஊனிக்கிட்டு, ஒடம்பு மேக்க, மொகம் தெக்கன்னு ஒரு வெட்டு வெட்டித் திரும்பி நிக்கிறாரு பாரு, அந்த நிப்பைப் பாக்கத்தான் கூட்டம். கலரு பத்தலன்னு எவனும் அர்ச்சனைத் தட்டைத் திருப்பி எடுத்துக்கிட்டுப் போனதில்ல. வைரத்துக்கும் அந்த நிப்புதான் எல்லாம். கடையில அதைக் கட்டுன்னுவாங்க, நம்ம பாஷையில பட்டை தீட்டுனது.

உருண்டைக் கல்லுக்கு 57 பட்டை. அடிமுனையையும் துளி தேச்சிருந்தா 58. மேலருந்து விழுற வெளிச்சம் உள்ள எறங்கி, அடிப்பட்டையில ஒரு பக்கம் மோதி, எதிர்ப்பக்கம் மோதி, மேலயே திரும்பி வரணும். அடிப்பட்டையோட சாய்வு 41 டிகிரியை ஒட்டி இருந்தா அப்பிடி வரும். மார்செல் டோல்கோவ்ஸ்கின்னு பெல்ஜியத்து வைரக் குடும்பத்துப் புள்ள ஒருத்தரு 1919-லயே இதைக் கணக்குப் போட்டு புஸ்தகமா எழுதி வச்சிட்டாரு. சாய்வு கொறஞ்சா வெளிச்சம் அடிவழியா ஒழுகிடும். கூடிப்போச்சுன்னா நடுவுல இருட்டு கட்டிக்கும். அப்பறம் அது டி கலரா இருந்தா என்ன, ஈ கலரா இருந்தா என்ன? கல்லு தூங்கும்.

சரி, அந்தக் கலரை எப்பிடிப் பாத்து எழுத்து போடுறாங்கன்னு கேட்டியா? மடிச்ச வெள்ளைக் காயிதத்துல கல்லைக் குப்புறப் போட்டு, பக்கவாட்டுலருந்து, மாதிரிக் கல்லு பக்கத்துல வச்சு ஒப்பிட்டுப் பாப்பாங்க. ஏன் குப்புறன்னா, நிமுத்திப் பாத்தா அது அடிக்கிற டால்ல கலரு சரியா கண்ணுக்குப் புடிபடாது. இப்ப நீயே சொல்லு, உம்மவ காதுல தோட்டைக் குப்புறவா போட்டுக்கப் போவுது? சம்பந்தி வூட்டுக்காரங்க காதுக்குப் பின்னாடி பூந்து பக்கவாட்டுல பாக்கப் போறாங்களா? டியிலருந்து எஃப் வரைக்கும் கலரே இல்லாதது. ஜியிலருந்து ஜே வரைக்கும் இல்லாத மாதிரியே இருக்கிறது. நல்லா வெட்டுன எச் கல்லை மஞ்சத் தங்கத்துல பதிச்சுட்டா, டி எது எச் எதுன்னு உங்கத்தைக்கும் தெரியாது. அவளுக்கே தெரியலன்னா ஊருல எவளுக்கும் தெரியாது. ஆனா வெலையில மட்டும் ரெண்டுக்கும் வித்தியாசம் நல்லாவே தெரியும்.

கோகினூர் கதை கேட்டிருக்கியா? வெள்ளக்காரன் தூக்கிட்டுப் போயி 1851-ல லண்டன் கண்காட்சியில வச்சான். வரிசை கட்டிப் பாத்த சனம், "இதுதானா, கண்ணாடித் துண்டாட்டம் இருக்கு"ன்னு மொகத்தைச் சுளிச்சுக்கிட்டுப் போச்சு. விக்டோரியா ராணி வூட்டுக்காரருக்கு மானம் போயிடுச்சு. மறு வருசமே ஆம்ஸ்டர்டாமிலருந்து ஆளைக் கூட்டியாந்து மறுபடியும் பட்டை தீட்டச் சொல்லிட்டாரு. 186 காரட் இருந்த கல்லு தேஞ்சு தேஞ்சு 105 காரட் சொச்சத்துல வந்து நின்னுச்சு. அம்மாம் பெரிய ராசாங்கமே எடை போனாப் போவுது, டாலு வேணும்னு முடிவு பண்ணுச்சு. நீ தரச் சீட்டுல இருக்கிற ஒத்த எழுத்துக்குக் காசைக் கொட்டப் பாக்கிற.

இன்னொரு சூதும் சொல்றேன். ஒரு காரட்டுன்னா 200 மில்லிகிராம், 100 சென்ட்டு. 50 சென்ட்டு, ஒரு காரட்டுன்னு முழு எண்ணுல வெலை தாவும். அதனால பட்டை தீட்டுறவன் கல்லைத் தேச்சு அழகாக்காம, அடிவயித்துல கனத்தை அப்பிடியே விட்டுடுவான். தராசுல அது ஒரு காரட்டுதான். குறுக்க அளந்தா தெரியும் வண்டவாளம். நல்லா வெட்டுன ஒரு காரட் உருண்டைக் கல்லு ஆறரை மில்லிமீட்டர் வரணும். தொப்பைக் கல்லு ஆறோ என்னமோ இருக்கும். பின்னால மறைஞ்சிருக்கிற தொப்பைக்கும் சேத்து நீ காசு குடுப்ப. சீட்டுல அளவு போட்டிருப்பான், வெக்கப்படாம படி.

"ப்ளூ ஜாகர் கல்லு, சொக்கத் தரம்"னு கடையில குரலைத் தாழ்த்திச் சொல்லுவாங்க. தென்னாப்பிரிக்காவுல ஜாகர்ஸ்ஃபான்டீன் சுரங்கத்துல வந்த நீலம் பாஞ்ச கல்லுக்கு அந்தப் பேரு. அந்தச் சுரங்கத்தை 1971-லயே மூடியாச்சு. உன் கல்லு எந்த மாமியா காதுலருந்து எறங்குனதுன்னு பணிவா கேட்டுப் பாரு.

கலரே பாக்க வேணாம்னு நான் சொல்லல. ஏழு கல் தோடுன்னா ஏழும் ஒரே கலருல சேந்திருக்கணும். ஆறு ஒரு மாதிரி, ஒண்ணு மட்டும் மஞ்சளிச்சா பல்லு விழுந்த மாதிரி தனியா தெரியும். பிளாட்டினத்துலயோ வெள்ளைத் தங்கத்துலயோ பதிக்கிறதா இருந்தாலும், பெரிய ஒத்தக் கல்லா இருந்தாலும் கலரு ரெண்டு எழுத்து மேல போறது ஞாயம். மத்தபடி காசு மிச்சம் பண்ணணும்னா கலருல பண்ணு, கட்டுல கை வைக்காத.

கடைக்காரரைச் சந்தேகப்பட சங்கடமா இருக்குன்னு மட்டும் சொல்லிடாத. சுந்தரருக்கு நம்ம விருத்தாசலத்துல சிவபெருமானே பன்னீராயிரம் பொன்னு குடுத்தாருன்னு கதை. அதை மணிமுத்தாத்துல போட்டுட்டு திருவாரூர் கமலாலயக் கொளத்துல எடுத்துக்கன்னு சாமி சொல்லுது. மனுசன் என்ன பண்ணாரு? மாதிரிக்கு ஒரு துண்டு மச்சம் வெட்டிக் கையில வச்சிக்கிட்டுல்ல ஆத்துல போட்டாரு! அங்க எடுத்து உரைச்சுப் பாத்தா மாத்து கொறஞ்சுதான் வந்துச்சு. பெருமான்கிட்டயே மல்லுக்கட்டி சரி பண்ணிக்கிட்டாரு. அவரு சாமிக்கே தோழரு, குடுத்தது சாமி. நீ வெறும் முந்திரிக்காரன், குடுக்கிறது ஏசி போட்ட கடை.

அந்தக் கடைக்குள்ள மேலருந்து குத்துற வெளக்குல கூழாங்கல்லும் மின்னும். கல்லைக் கடைக்காரரோடயே வாசலுக்குக் கொண்டாந்து, நெழல்ல வச்சு மெதுவா ஆட்டிப் பாரு. அங்க உசிரோட இருந்தா உள்ள திரும்பு. கல்லைப் பதிக்கிறதுலயும் கவனம் வேணும், மூடுன கட்டடத்துல பதிச்சுட்டா பின்பக்கம் எண்ணெயும் சோப்பும் அண்டி நாளாக ஆக எந்தக் கலரும் மங்கிடும். வைரத்துக்கு எண்ணெய்ன்னா அம்புட்டு ஆசை, ஒட்டிக்கும். தொறந்த கட்டடமா கட்டச் சொல்லு, சோப்புத் தண்ணியில பழைய பிரஷ்ஷால தேச்சாப் போதும்.

ஓவல், பேருக்காயி மாதிரி கல்லுக்கெல்லாம் ஜிஐஏங்கிற ஆய்வுக்கூடத்துச் சீட்டுல கட்டு தரம் போட மாட்டாங்க, அதுக்கு உன் கண்ணுதான் துணை. உருண்டைக் கல்லுன்னா கலரு எச்சே போதும், கட்டுக்கு நேரா எக்ஸலண்டுன்னு எழுதியிருக்கான்னு பாத்துட்டு அப்பறமா ரூவாயை எண்ணு. போறப்ப உங்கத்தையையும் கூட்டிக்கிட்டுப் போ. மறந்தும் அவளை மூக்குத்திப் பக்கம் நிக்க விட்டுடாத.